பெரிய வியாழன் அன்னைக்கு யார் காலைக் கழுவுறது?

தவக்காலம் ஆரம்பிச்சு மூணு வாரம் ஓடிப்போச்சு. இந்த வருஷம் பிப்ரவரி 18, மாசி முதல் வாரத்துலயே சாம்பல் புதன் வந்துடுச்சு. அதே வாரத்துலதான் பாய் வீடுங்கள்ல ரமலான் நோன்பும் தொடங்குச்சு. எங்க ஊர் டீக்கடைக்காரர், "காலையில பாதி ஜனம் டீ குடிக்கல, வடை விக்கல, எல்லாரும் சேர்ந்து என்னை நோன்பு இருக்க வச்சுட்டீங்க"ன்னு சிரிச்சார்.

பட்டணத்துல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற தம்பி, தங்கச்சிங்க நிறைய பேருக்கு தவக்காலம்னா வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாங்க, பரங்கிமலை படியில சிலுவைப்பாதை போவாங்க, அவ்வளவுதான் தெரியும். எப்பவும் நெல்லு, மாடு, ஏரின்னு எழுதுறவன் இன்னைக்கு இதை எழுத ஒரு காரணம் இருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல இருக்கிற எங்க மாதிரி ஊருங்கள்ல, வர்ற பெரிய வியாழன் அன்னைக்கு ஒரு விஷயம் மாறணும்னு நினைக்கிறேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடுறேன்.

உயிர்ப்புத் திருநாள் எந்தத் தேதியில வரும்னு நிலாதான் முடிவு பண்ணும். மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவுல எப்ப வேணாலும் வரும். நம்ம கணக்குல பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. இந்த வருஷம் ஏப்ரல் 5. பங்குனி உத்திரமும் அதே வாரம்தான். கரண்ட் இல்லாத காலத்துலயும் பெரிய வியாழன் ராத்திரி கோயிலுக்கு நடந்து போக எங்க ஜனத்துக்கு விளக்கு தேவைப்படல. எந்த வருஷமும் அந்த ராத்திரி நிலா இருக்கும்.

சாம்பல் புதன்ல இருந்து கணக்குப் போட்டு, ஞாயிறுகளை விட்டுட்டா 40 நாள். சபைச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. 18 வயசு முடிஞ்சவங்கள்ல இருந்து 59 வயசு முடியிற வரைக்கும் அது பொருந்தும். கறியைத் தள்ளுற சுத்தபோசனம் 14 வயசு முடிஞ்ச எல்லாருக்கும். நோயாளி, கர்ப்பிணி, உடம்பு நோக உழைக்கிறவங்களுக்கு விலக்கும் உண்டு. பூசையில அல்லேலூயா பாட மாட்டாங்க, பீடத்துல பூ வைக்க மாட்டாங்க, சாமியார் ஊதாக் கலர் அங்கி போடுவார். பெரிய வியாழன் ராத்திரியில இருந்து சனி ராத்திரி வரைக்கும் மணி அடிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஓசை. சின்ன வயசுல அந்தக் கட்டையைத் தட்டுறதுக்கு பசங்களுக்குள்ள அடிதடியே நடக்கும்.

எங்க பக்கத்துல இந்த பக்தி நேத்து வந்தது இல்ல. பழவேற்காட்டுல மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்துல ஆரம்பிச்சது. டச்சுக்காரன் வந்து கோட்டை கட்டுறதுக்கும் முந்தி. எங்க ஆயா அங்க நடந்தே போய்ட்டு வருமாம்.

ஆயா காலத்துல தவக்காலத்துக்குன்னு தனியா நோன்பு இருக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. சம்பா அறுத்து, கடன்காரன் அளந்துகினு போனது போக குதிர்ல கொஞ்சம் நெல்லு. நவரை நட்டவனுக்கு கிணத்துல தண்ணி இறங்கிக்கினே போற மாசம். கறி வருஷத்துல மூணு நாளோ நாலு நாளோதான். கஞ்சியும் ஊறுகாயும் எப்பவும் இருக்கிறதுதான். ஆனா வெள்ளிக்கிழமை அடுப்புல வைக்கிற கஞ்சியில ஒரு சொம்பு, வாசல்ல யார் வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்குன்னு ஆயா எடுத்து வச்சிடும். அதை ஊத்தாம தான் சாப்பிடாது. மறைக்கல்வி படிக்காத பொம்பளை. நோன்புன்னா வாயைக் கட்டுறது பாதி, கட்டுனதை இன்னொருத்தருக்குக் குடுக்குறது மீதின்னு யாரும் சொல்லித் தராமலே தெரிஞ்சு வச்சிருந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை எங்க நிலத்து வரப்புல இருந்தே வரும். நைனா பனை ஏறி குருத்து வெட்டிப் போடுவார், நாங்க சிலுவையா பின்னி வீட்டு நிலைவாசல்ல செருகி வைப்போம். ஒரு வருஷம் அங்கயே காயும். அடுத்த சாம்பல் புதனுக்கு அந்த ஓலையை எல்லாம் வாங்கி எரிச்சு, அந்தச் சாம்பலைத்தான் நெத்தியில பூசுவாங்க. போன வருஷத்து ஓசன்னா இந்த வருஷத்துச் சாம்பல். வெவசாயிக்கு இதைவிட லேசாப் புரியிற பாடம் வேற இல்ல. இப்ப பனை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசாங்கம் அறிவிச்சது. ஆனா அதுக்கு முன்னாடியே எங்க வரப்புல பாதி பனை சூளைக்கும் பிளாட்டுக்கும் போயிடுச்சு. இப்ப ஓலை வெளியில இருந்து வேன்ல வருது.

நிலம் போன கதையைப் பலமுறை எழுதிட்டேன். 1980களுக்கு அப்புறம் சிப்காட், பின்னாடி தேர்வாய்கண்டிகையில ஆயிரம் ஏக்கருக்கு மேல மேய்க்கால் நிலம், அதுக்காக ஜனம் நடத்தின போராட்டம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு சொல்ல வந்தது, நிலத்தோட சேர்ந்து எங்க நேரமும் போயிடுச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு சிலுவைப்பாதை. 14 தலம். கம்பெனி பஸ் பசங்களை ரோட்டுல இறக்கி விடும்போது ஏழு தாண்டிடும். ரெண்டாவது ஷிப்ட்டுக்காரன் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வெளியே வருவான். நைட் ஷிப்ட்டுக்காரன் அப்பதான் குளிச்சுட்டு கிளம்புவான். அதனால சிலுவைப்பாதையில இப்ப நிக்கிறது கெழவன், கெழவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு பக்தி இல்ல"ன்னு பிரசங்கத்துல கேக்கும்போது எனக்குக் கோவம் வருது. அவனுக்கு பக்தி இருக்கோ இல்லையோ, வர்றதுக்கு நேரம் இல்ல.

பெரிய வெள்ளி அரசாங்க விடுமுறைதானேன்னு கேப்பீங்க. ஆபீசுக்கும் பேங்குக்கும் சரி. தொழிற்சாலைக்குத் தமிழ்நாட்டுல 1958ல போட்ட தனிச்சட்டம் ஒண்ணு இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் கட்டாயம். அதுக்கு மேல பண்டிகை லீவு அஞ்சு நாள். அந்த அஞ்சுல பொங்கல், தீபாவளின்னு போனது போக பெரிய வெள்ளி வந்தா உண்டு, வரலன்னா இல்ல. கான்ட்ராக்ட்ல இருக்கிறவனுக்கு லீவு கிடைச்சாலும் பல இடத்துல அன்னைக்குச் சம்பளம் கிடையாது. மத்தியானம் மூணு மணிக்கு இயேசு உயிர்விட்ட நேரம்னு நாங்க கோயில்ல முழங்கால் போடும்போது, எங்க பசங்கள்ல பாதி பேர் மெஷின் முன்னாடி நின்னுக்கினு இருப்பான்.

இது உள்ளூர்ப் பசங்க கதை. இன்னொரு கூட்டம் இருக்கு. அவங்களைப் பத்திதான் இந்தப் பதிவே.

எங்க கோயில்ல ஒரு ஏழெட்டு வருஷமா கடைசியில, செருப்பு விடுற எடத்துக்குப் பக்கத்துல, பத்திருபது பேர் நிப்பாங்க. சின்னப் பசங்க, சில பொண்ணுங்க. பாட்டு தெரியாது, ஆனா எப்ப முட்டி போடணும், எப்ப எழுந்திருக்கணும்னு நம்மளைவிட சுத்தமாத் தெரியும். ஒடிசாவுல சுந்தர்கட், ஜார்க்கண்டுல சிம்டேகா, கும்லா, அந்தப் பக்கத்து ஆதிவாசிங்க. ஊர்ல பல பேர் "ஹிந்திக்காரன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. அவங்க வீட்டுல பேசுறது முண்டாரி, குருக், கடியா, சாத்ரி. ஹிந்தி அவங்களுக்கும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்.

அவங்க முன்னோர் எப்படி கத்தோலிக்கர் ஆனாங்கன்னு தெரிஞ்சா வெவசாயிங்க நீங்க அசந்து போவீங்க. 1885ல கான்ஸ்டன்ட் லீவன்ஸ்னு பெல்ஜியத்து சேசு சபை சாமியார் ஒருத்தர் அந்தப் பக்கம் போனார். ஜமீன்தாருங்க ஆதிவாசி நிலத்தைப் பிடுங்கிக்கினு, வெட்டி வேலை வாங்கிக்கினு இருந்த காலம். அவர் சட்டத்தைப் படிச்சு, கோர்ட்டுல அவங்களுக்காக நிலக் கேஸ் நடத்த உதவி பண்ணார். ஆயிரக்கணக்குல ஜனம் அவர் பின்னாடி வந்தாங்க. 37 வயசுல காசநோயில செத்துப் போனார். பின்னாடி 1908ல சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்துச்சு. நிலத்தைக் காப்பாத்துறதும் ஜெபம் பண்றதும் ஒண்ணா வந்த பக்தி அது. அப்படிப்பட்ட ஜனத்தோட பேரப்பசங்கதான் நம்ம கோயில் செருப்புக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. பெரிய வெள்ளி அன்னைக்கு சிலுவை முத்தி பண்ற வரிசையிலயும் கடைசி ஆளா அவங்கதான்.

இப்ப பெரிய வியாழனுக்கு வர்றேன்.

கடைசி இராவுணவுல இயேசு எழுந்து, துண்டை இடுப்புல கட்டிக்கினு சீடருங்க காலைக் கழுவினார்னு யோவான் எழுதி வச்சிருக்கார். அந்தக் காலத்துல அது வீட்டு வேலைக்காரன் பண்ற வேலை. பேதுருவுக்கே பொறுக்கல, வேணாம்னு தடுக்குறார். காட்டிக் குடுக்கப் போற யூதாசோட காலும் அந்தப் பன்னெண்டு பேர்ல ஒண்ணு. இதை நினைச்சு அன்னைக்கு சாயங்காலப் பூசையில சாமியார் சிலரோட காலைக் கழுவுவார். பங்குக் கோயில் பூசைக்குள்ள இந்தச் சடங்கு வந்தது 1955ல பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தினப்பதான். ரொம்ப நாள் ஆம்பளைங்க கால் மட்டும்தான். 2013ல பாப்பரசர் பிரான்சிஸ், பதவிக்கு வந்த அதே மாசம், ரோம்ல சிறுவர் சிறைக்குப் போய் கைதிங்க காலைக் கழுவினார். அதுல பொண்ணுங்களும் இருந்தாங்க, முஸ்லிமும் இருந்தாங்க. 2016 ஜனவரியில சட்டத்தையே மாத்தி, ஆண், பெண், சின்னவங்க, பெரியவங்க, நல்லா இருக்கிறவங்க, நோயாளின்னு யாரை வேணா தேர்ந்தெடுக்கலாம்னு வந்துடுச்சு. அதே வருஷம் மார்ச்ல அகதிங்க முகாமுக்குப் போனார். அன்னைக்கு அவர் கழுவின கால்ல நம்ம இந்தியாவுல இருந்து போன ஒரு இந்துவோட காலும் இருந்துச்சு. போன வருஷம் ஏப்ரல் 17, பெரிய வியாழன், உடம்பு முடியாம இருந்தும் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். கால் கழுவ உடம்பு இடம் குடுக்கல, இருந்தும் போனார். நாலு நாள்ல இறந்துட்டார்.

இங்க எங்க மாதிரி கோயில்ல அந்தப் பன்னெண்டு நாற்காலி யாருக்குப் போகுதுன்னு நினைக்கிறீங்க? பங்குப் பேரவை ஆளுங்க, திருவிழாவுக்கு தேர் அலங்காரம் குடுத்தவர், கோயிலுக்கு டைல்ஸ் போட்டுக் குடுத்தவர். வீட்டுலயே சோப்பு போட்டு நல்லா கழுவின காலை, சாமியார் இன்னொரு முறை கழுவுவார். போட்டோ எடுப்பாங்க. மரியாதை பண்ற சடங்கா ஆகிப்போச்சு. மரியாதை ஏற்கெனவே உள்ளவங்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை. இதை எந்த சாமியாரையும் குறை சொல்லி எழுதல. சாமியாருங்க அஞ்சு வருஷத்துல மாறிப் போறவங்க. லிஸ்ட்டு போடுறது நாமதான்.

நான் சொல்றது இதுதான். இந்த ஏப்ரல் 2ஆம் தேதி அந்த நாற்காலியில பாதியாவது கடைசியில நிக்கிறவங்களுக்குக் குடுக்கணும். கம்பெனி கேன்டீன்ல தட்டு கழுவுற நம்ம ஊர் அக்கா, ராத்திரி கேட்ல நிக்கிற வாட்ச்மேன் தாத்தா, கான்ட்ராக்ட்ல பத்து வருஷமா பர்மனன்ட் ஆகாத பையன், ரெண்டு ஒடிசா பசங்க, ரெண்டு ஜார்க்கண்ட் பொண்ணுங்க. அவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க, ஞாயிறு தவறாம வர்றவங்க. சட்டத்துல ஒரு தடையும் இல்ல.

இதை ஊர்ல பேசினப்ப ரெண்டு எதிர்ப்பு வந்துச்சு.

முதல்ல, "அவனுங்க கம்மி சம்பளத்துக்கு வர்றதாலதான் நம்ம பசங்களுக்கு வேலை இல்ல. அவன் காலை நாம கழுவணுமா?" இந்தக் கோவத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். நிலத்தைக் குடுத்தா வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னு கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்க. ஐடிஐ முடிச்ச பசங்க வீட்டுல உக்காந்திருக்கிறது எனக்கும் தெரியும், என் தம்பி பையனும் அதுல ஒருத்தன். ஆனா கம்மி சம்பளத்தை முடிவு பண்ணது அந்தப் பையன் இல்லையே. சம்பளத்தை முடிவு பண்றவன் வேற இடத்துல ஏசி ரூம்ல இருக்கான். ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு ரெண்டு பேரும் சேர்ந்து கேக்காத வரைக்கும் நம்ம பையனுக்கும் கூலி ஏறாது. தூர இருந்து முறைச்சுக்கினு இருந்தா அந்தப் பேச்சே ஆரம்பிக்காது. பக்கத்துல உக்காந்தாதான் ஆரம்பிக்கும்.

ரெண்டாவது எதிர்ப்பு என் வீட்டுக்காரம்மாகிட்ட இருந்து. "ஒரு நாள் காலைக் கழுவிட்டு மறுநாள் அதே வாடகை வாங்குவீங்க, அதுக்கு இது எதுக்கு?" இதுக்கு எனக்கு உடனே பதில் வரல. ஏன்னா அது உண்மை. நிலம் வித்த காசுல எங்க ஊர்ல லைன் வீடு கட்டாதவன் குறைச்சல். எனக்கு அது இல்ல, ஆனா என் சொந்தக்காரங்களுக்கு இருக்கு. தகர ஷீட்டு, ஒரே ரூம், அதுல ஆறு பேர். ரூமுக்குன்னு வாடகை இல்ல, தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்க. இருபது பேருக்கு ஒரு கக்கூஸ். சித்திரை வெயில்ல அந்த ஷீட்டுக்குக் கீழ நைட் ஷிப்ட் முடிச்சவன் பகல்ல எப்படித் தூங்குவான்? கரண்ட்டுக்கு யூனிட்டு இவ்வளவுன்னு போர்டு ரேட்டைவிட அதிகமா வாங்குறதும் நடக்குது. வாங்குறவங்கள்ல வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் தவறாதவங்களும் இருக்காங்க.

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில வருஷா வருஷம் ஏசாயா 58ஆம் அதிகாரத்துல இருந்து வாசிப்பாங்க. நோன்பு நாள்லயும் வேலைக்காரனைக் கசக்கிக்கினு இருக்கிறவங்களோட நோன்பு கடவுளுக்கு வேணாம்னு அந்தத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். வீடில்லாதவனுக்கு இடம் குடுக்குறதுதான் நோன்புன்னு சொல்றார். அந்த வாசகம் எங்க ஊருக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. கறியை விட்டா மிச்சமாகிற காசைத் தவக்கால உண்டியல்ல போடுறோம், நல்லதுதான். லைன் வீட்டுக்காரங்க இந்தத் தவக்காலத்துல ஷீட்டு மேல தென்னங்கீத்து போட்டு விடட்டும். இன்னொரு கக்கூஸ் கட்டட்டும். கரண்ட்டுக்கு போர்டு ரேட்டு மட்டும் வாங்கட்டும். அதுதான் எங்க ஊருக்கு ஏத்த ஒருசந்தி.

அதனால வீட்டுக்காரம்மாவுக்கு நான் சொன்ன பதில்: கால் கழுவுறதால வாடகை தானா குறையாது. ஆனா கோயில்ல எல்லார் முன்னாடியும் அந்தப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வச்சா, மறுநாள் அவனை "டேய் ஹிந்தி"ன்னு கூப்பிடக் கொஞ்சம் நாக்கு கூசும். அவன் தைரியமா வந்து "அங்கிள், பேன் ஓடல"ன்னு கேப்பான். அங்க இருந்து ஆரம்பிப்போம். அவங்க "பாக்கலாம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

இன்னும் ஒண்ணு கேக்குறேன். பெரிய சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு. வெளியில தீ மூட்டி, 2026ன்னு வருஷம் பொறிச்ச பெரிய மெழுகுதிரியை ஏத்தி, இருட்டுக் கோயிலுக்குள்ள கொண்டு போவாங்க. பழைய ஏற்பாட்டு வாசகம் எத்தனை குறைச்சாலும், இஸ்ரயேல் ஜனம் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக்கூடாதுன்னு விதி. எகிப்துல செங்கல் அறுத்து அடிமையாக் கிடந்த ஜனம் அது. எங்க திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகள்ல இருந்து ஒடிசாக்காரங்களைக் கொத்தடிமைன்னு அதிகாரிங்க மீட்ட செய்தி பலமுறை பேப்பர்ல வந்திருக்கு. சூளை சீசனும் தவக்காலமும் ஒரே மாசங்கள்தான். அந்த ஒரு வாசகத்தையாவது இந்த வருஷம் ஒரு ஜார்க்கண்ட் பொண்ணு ஹிந்தியில வாசிக்கட்டும். எங்களுக்குப் புரியாதுன்னு யாரும் பயப்பட வேணாம். கதை எங்களுக்கு மனப்பாடம்.

பட்டணத்துல இருக்கிற உங்களால ஆகிறதும் இருக்கு. உங்கள்ல சில பேர் இங்க இருக்கிற கம்பெனிங்கள்ல எச்.ஆர்.ல, ஷிப்ட் போடுற இடத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும், கேக்குறவனுக்கு ஷிப்ட் மாத்திக் குடுங்க. கான்ட்ராக்ட்காரனுக்கும் சேர்த்துக் குடுங்க. ரமலான் முடியிற நாளுக்கும் அதையே பண்ணுங்க, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவனுக்கும் பண்ணுங்க. உற்பத்தி ஒண்ணும் படுத்துடாது. இங்க இடம் வாங்கிப் போட்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவங்களும் இதைப் படிக்கிறீங்க. ஒரு தடவை மத்தியானம் ஒரு மணிக்கு வந்து அந்த ஷீட்டுக்குக் கீழ பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க.

வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சதும் பங்குப் பேரவைக் கூட்டம். பன்னெண்டு பேர் லிஸ்ட்டு அன்னைக்குத்தான் போடுவாங்க. நான் ஒரு லிஸ்ட்டு எழுதி வச்சிருக்கேன். உபதேசியாரும் எங்க மாதர் சங்கத்துல ரெண்டு பேரும் ஆதரவா இருக்காங்க, மத்தவங்க வாயைத் திறக்கல. என்ன முடிவாச்சுன்னு அடுத்த பதிவுல, நவரைக்கு பூச்சி விழுந்த கதையோட சேர்த்து எழுதுறேன்.